சென்டாவோ யுத்தம்: ஒரு பஸ் கதை

பொகோட்டா என்று சொன்னால் நம்மாட்கள் முதலில் கேட்பது "பாப்லோ எஸ்கோபர் ஊரா?" என்பதுதான். இல்லைங்க, அவர் ஊர் மெதெயின். பொகோட்டா கொலம்பியாவின் தலைநகரம். ஆண்டீஸ் மலை மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டியை விட உயரம். ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி ஊட்டி நகரத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. பொகோட்டாவில் 80 லட்சத்துக்குப் பக்கம். மலை உச்சியில் ஒரு சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கிறவனுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நேரத்தைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எம்.டி.சி. படிக்கட்டில் தொங்குகிற கூட்டம், இந்தப் பக்கம் ஏசி போட்ட காரில் தனியாக ஒருத்தர். ரோடு ஒன்றுதான். அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு பண்ணினது யார்? இந்தக் கேள்வியை வைத்து நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஊர் அது. அதனால்தான் அந்த ஊர் மேல் எனக்கு ஒரு பைத்தியம்.

கதை கோவேறு கழுதையில் ஆரம்பிக்கிறது. 1884-ல் பொகோட்டாவில் டிராம் வந்தது. மின்சாரம் எல்லாம் கிடையாது, தண்டவாளத்தின் மேல் வண்டி, இழுக்கிறது கழுதை. நடத்தினது ஓர் அமெரிக்கக் கம்பெனி. (ஒரு சின்னப் பெருமை: மெட்ராஸில் 1895-லேயே கரண்ட் டிராம் ஓடியது. பொகோட்டாவில் அதற்கு இன்னும் 15 வருஷம் காத்திருந்தார்கள்.) வண்டிகள் மோசம், வேலையாட்கள் ஜனங்களை மதிப்பதில்லை என்று ஏற்கெனவே புகைச்சல். 1910 மார்ச்சில் கம்பெனியின் அமெரிக்க அதிகாரி ஒருவர் உள்ளூர்க்காரர்களிடம் நடந்துகொண்ட விதத்தில் அது வெடித்துவிட்டது. ஊர் ஜனங்கள் டிராமில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். மழையோ குளிரோ, நடைதான். மாதக்கணக்கில். கடைசியில் அதே வருஷம் நகராட்சியே கம்பெனியை விலை கொடுத்து வாங்கியது. மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு நடந்தது 1955-ல். அதற்கு 45 வருஷம் முன்னாலேயே ஒரு மலையூர்க்காரர்கள் நடந்தே ஒரு கம்பெனியை ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்து வருகிறவர் ஹோர்ஹே எலியேசெர் கைத்தான். வக்கீல், ஏழைகளின் தலைவர், மேடையேறினால் ஊரே திரளும். 1936-ல் மேயரானார். அவருடைய மேயர் பதவி போனதற்குக் காரணம் தெரிந்தால் சிரிப்பீர்கள். டாக்ஸி டிரைவர்கள், பஸ் டிரைவர்கள் எல்லாம் யூனிஃபார்ம் போடணும் என்று உத்தரவு போட்டார். 1937 பிப்ரவரியில் டிரைவர்கள் ஸ்டிரைக். ஊர் நின்றது, கைத்தான் பதவி போயிற்று. யாருக்காகப் பேசினாரோ அவர்களே கவிழ்த்தார்கள். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவன் நினைத்தால் மேயரை இறக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்தது அப்போதுதான். பின்னால் வந்த எல்லா மேயரும் இதை மறக்கவில்லை.

1948 ஏப்ரல் 9. கைத்தான் அப்போது நாட்டின் அடுத்த அதிபராக வரக்கூடியவர் என்று பேசப்பட்டவர். தன் அலுவலகத்தை விட்டு நடுத்தெருவுக்கு வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மத்தியானத்திலிருந்து ஊர் எரிந்தது. பொகோட்டாசோ என்றே அதற்குப் பெயர். (அன்றைக்கு அந்த ஊரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் பெயர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். மாணவர் மாநாட்டுக்காக வந்திருந்த இன்னொரு இளைஞர் பெயர் ஃபிடல் காஸ்ட்ரோ. என்ன ஊருய்யா!) நடுத்தெருவில் நின்ற டிராம்களும் எரிந்தன.

இங்கே ஒரு கட்டுக்கதையைப் பிரித்துவிடணும். "ஜனங்கள் டிராமை எரித்துவிட்டார்கள், அதனால்தான் பஸ் வந்தது" என்று சொல்வதுண்டு. எரிந்தது சில வண்டிகள். மிச்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, 1951 வரைக்கும். அதாவது கலவரம் முடிந்து மூன்று வருஷம். டிராமைக் கொன்றது நெருப்பு இல்லை. பஸ் முதலாளிகள் வளர்ந்தார்கள், தண்டவாளத்தில் காசு போட நகராட்சிக்கு மனசில்லை, கார் வைத்திருந்தவர்களுக்கு டிராம் இடைஞ்சல். மெட்ராஸிலும் 1953-ல் டிராம் நின்றது. அங்கே கலவரமே தேவைப்படவில்லை.

இதற்குப் பிறகு முப்பது நாற்பது வருஷம் பொகோட்டா வீங்கியது. கிராமங்களில் கட்சிச் சண்டை என்ற பெயரில் கொலைகள். லட்சக்கணக்கில் ஜனம் தலைநகரத்துக்கு ஓடி வந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது தெற்கே மலைச்சரிவு. பணக்காரர்கள் வடக்கே நகர்ந்தார்கள். வேலை வடக்கிலும் நடுவிலும், தூக்கம் தெற்கில். நடுவில் ஒரு பஸ்.

அந்த பஸ்ஸைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஏற்பாடு இப்படி. அரசாங்கம் ரூட் பெர்மிட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும். அந்தக் கம்பெனியிடம் பஸ் இருக்காது, அல்லது பேருக்கு நாலு இருக்கும். ஒன்று, இரண்டு பஸ் வைத்திருக்கிற சின்ன முதலாளிகள் கம்பெனிக்குப் பணம் கட்டி அந்த ரூட்டில் சேர்ந்துகொள்வார்கள். எத்தனை பஸ் சேர்கிறதோ அத்தனை லாபம் கம்பெனிக்கு. அதனால் ரூட்டில் தேவையை விட எக்கச்சக்க பஸ். முதலாளி டிரைவரை வைப்பார். டிரைவருக்கு மாசச் சம்பளம் கிடையாது, ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு.

இதை ஒரு சிஸ்டம் டிசைனாகப் பாருங்கள். கம்பெனிக்கு ரிஸ்க் இல்லை. அரசாங்கத்துக்குச் செலவு இல்லை. ரிஸ்க் முழுசும் கடைசியில் இருக்கிற டிரைவர் தலையில். அவன் என்ன பண்ணுவான்? முன்னால் போகிற பஸ்ஸை ஓவர்டேக் பண்ணி அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஆளைத் தூக்குவான். நடுரோட்டில் கை காட்டினாலும் நிறுத்துவான். ஆள் வரவில்லை என்றால் ஸ்டாப்பிலேயே உறுமிக்கொண்டு நிற்பான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் ஓட்டுவான். ஸ்பானிஷ் மொழியில் இதற்கு "குவெர்ரா டெல் சென்டாவோ" என்று பெயர் வைத்தார்கள். சென்டாவோ என்றால் பெசோவில் நூறில் ஒரு பங்கு, நம்ம பைசா மாதிரி. பைசா யுத்தம்.

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு தனியார் பஸ் கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் மறுநாள் பேப்பரில் "டைமிங் தகராறு" என்று வரும். கலெக்ஷன் பேட்டா என்ற வார்த்தை இருக்கிற இடத்தில் எல்லாம் இந்த யுத்தம் ஏதோ ஒரு அளவில் உண்டு. டிரைவரைத் திட்டுவது சுலபம். அவன் கையில் கொடுத்த கணக்கு அப்படி.

பொகோட்டாவில் செத்தவர்கள் பெரும்பாலும் நடந்து போனவர்கள். 1990களின் நடுவில் அந்த ஊரில் சாலை விபத்தில் மட்டும் வருஷத்துக்கு 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முயற்சி பண்ணாமல் இல்லை. 1990 வாக்கில் கராகாஸ் அவென்யூ என்ற பெரிய ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் என்று தனி லேன் போட்டார்கள். கம்பி, ஸ்டாப், எல்லாம் பக்கா. ஆனால் உள்ளே ஓடினது அதே பஸ்கள், அதே பேட்டா. யுத்தத்துக்குத் தனி மைதானம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. லேனுக்குள்ளேயே பஸ்கள் வரிசை கட்டிப் புகை கக்கின. கான்கிரீட் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற என் மாதிரி இன்ஜினியர்கள் இந்த ஒரு ரோட்டை மட்டுமாவது படிக்கணும்.

இதற்கு நடுவில் இன்னொரு கதை தனியாக நடந்தது. 1974 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் பிரியர்கள் சிலர் சேர்ந்து நகரின் இரண்டு முக்கியமான ரோடுகளைச் சில மணி நேரம் காருக்கு மூடச் சொல்லி அனுமதி வாங்கினார்கள். கார் ஊரை அழிக்கிறது என்பதைக் காட்டுகிற ஒரு போராட்டம், மிதிவண்டி ஊர்வலம். ஆயிரக்கணக்கில் ஜனம் சேர்ந்துவிட்டது. 1976-ல் நகராட்சியே அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதுதான் சிக்லோவியா. இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிறும், விடுமுறை நாளும், காலை 7 முதல் மதியம் 2 வரை 120 கிலோமீட்டருக்கு மேல் ரோடு காருக்கு மூடப்படுகிறது. தெற்கு மலைச்சரிவுப் பையனும் வடக்குப் பணக்காரப் பெண்ணும் ஒரே ரோட்டில் சைக்கிள் மிதிக்கிறார்கள். போராட்டமாக ஆரம்பித்து ஐம்பது வருஷம் தாண்டியும் நடக்கிறது. ஆட்சி மாறினால் பூங்கா பெயரையே மாற்றுகிற ஊரிலிருந்து பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெரிய மாற்றம் ஏன் 90களில் வந்தது, அதற்கு முன் ஏன் வரவில்லை என்று கேட்டால் இரண்டு தேதி சொல்வேன். 1988 வரை பொகோட்டா மேயரை அதிபர்தான் நியமிப்பார். 1988-ல்தான் ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்தது 1991-ல் வந்த புது அரசியல் சட்டம். அதில் ஒரு பிரிவு, பொது இடத்தைப் பாதுகாத்து எல்லாருடைய பயனுக்கும் வைத்திருப்பது அரசின் கடமை, தனியார் நலனை விடப் பொது நலனே மேல் என்கிறது. சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது கொட்டாவி வரும் வரி. ஆனால் பிளாட்பாரத்தில் காரை ஏற்றி நிறுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதாட ஒரு மேயருக்கு அது போதும்.

முதலில் வந்தவர் அந்தனாஸ் மோக்குஸ். கணிதமும் தத்துவமும் படித்தவர், தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1993-ல் கூச்சல் போட்ட மாணவர்கள் முன்னால் மேடையில் பேன்ட்டை இறக்கிக் காட்டி வேலையை இழந்து, அந்தப் புகழிலேயே மேயரானவர். (நான் சொல்வது சத்தியம்.) 1995-ல் பதவிக்கு வந்து, ஊழலில் ஊறிப்போன டிராஃபிக் போலீஸைக் கலைத்தார். சிக்னலில் முகத்தில் வெள்ளை பூசிய மௌன நாடகக் கலைஞர்களை நிறுத்தினார். கோட்டைத் தாண்டி நிற்கிற டிரைவரை அவர்கள் பேசாமலேயே கிண்டல் பண்ணுவார்கள். அபராதத்துக்குப் பயப்படாதவன் நாலு பேர் சிரித்தால் கூசுவான் என்பது அவர் கணக்கு. நடந்து போனவர் அடிபட்டு இறந்த இடங்களில் ரோட்டில் நட்சத்திரம் வரைய வைத்தார். கோமாளித்தனம் என்று தள்ள முடியாது. 1990களின் நடுவில் இருந்த சாலைச் சாவுகள் பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதில் அவருக்குப் பங்கு உண்டு, அடுத்தவருக்கும் உண்டு.

அந்த அடுத்தவர் என்றிகே பெஞலோசா, 1998-லிருந்து 2000 வரை மேயர். மோக்குஸ் ஜனங்களின் மனசை மாற்றப் பார்த்தார், இவர் சிமெண்டை மாற்றினார். ஜப்பானிய உதவி நிறுவனம் ஒன்று கொடுத்த திட்டத்தில் ஊருக்கு மேல் உயர்மட்ட விரைவுச் சாலைகள் கட்டச் சொல்லியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டார். பிளாட்பாரத்தில் குட்டையான தூண்களை நட்டு கார் ஏறாமல் பண்ணினார். கடைக்காரர்களும் கார்க்காரர்களும் கொதித்தார்கள். அவரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து இயக்கமே நடந்தது. அவர் கணக்கு எளிது. நூறு பேர் இருக்கிற பஸ்ஸுக்கு, ஒருத்தர் இருக்கிற காரை விட நூறு மடங்கு ரோடு சொந்தம். 2000 பிப்ரவரி 24, ஒரு வியாழக்கிழமை, ஊர் முழுக்கத் தனியார் கார் ஓடாத நாள் என்று அறிவித்தார். அந்த அக்டோபரில் வாக்கெடுப்பு வைத்து ஜனங்களே அதை வருஷா வருஷம் வேணும் என்று சொன்னார்கள்.

(பணக்காரர்களும் பொதுப் போக்குவரத்தில் போகிற நாடுதான் முன்னேறிய நாடு என்று ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றும். சிலர் பெஞலோசா சொன்னது என்பார்கள், சிலர் குஸ்தாவோ பெட்ரோ சொன்னது என்பார்கள். அவர்கள் இருவரும் ஜென்ம எதிரிகள் என்பதுதான் இதில் தமாஷ்.)

2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ ஓட ஆரம்பித்தது. அதே கராகாஸ் அவென்யூ. நடுவில் தனி லேன், ஸ்டேஷன் மாதிரி உயரமான பிளாட்பாரம், ஏறுவதற்கு முன்பே டிக்கெட், 160 பேர் ஏறுகிற நீளமான சிவப்பு பஸ். முன்மாதிரி பிரேசிலின் குரிட்டிபா. அங்கே ஹாய்மே லெர்னர் என்ற கட்டடக்கலைஞர் மேயராக இருந்து 1974-லேயே தனி லேன் பஸ்ஸை ஆரம்பித்துவிட்டார். பொகோட்டா சேர்த்தது ஒரே ஒரு விஷயம்: ஸ்டேஷனில் ஓவர்டேக் பண்ண இன்னொரு லேன். முன்னால் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றும்போது எக்ஸ்பிரஸ் பஸ் பின்னால் காத்திருக்க வேண்டாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு க்யூவை இரண்டாக்கினால் என்ன ஆகும் என்று சர்வர் கட்டினவர்களுக்குத் தெரியும். ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றுகிற பஸ் தடம். பல ஊர் மெட்ரோ ரயிலே இவ்வளவு ஏற்றுவதில்லை. 2006-ல் கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் கார்பன் வரவு பெறத் தகுதியான முதல் பொதுப் போக்குவரத்துத் திட்டமாகவும் இது பதிவானது.

ஆனால் யுத்தத்தை நிறுத்தினது சிவப்பு பஸ்ஸும் இல்லை, இரண்டாவது லேனும் இல்லை. பேட்டாவை ஒழித்தது. டிக்கெட் காசு டிரைவர் கைக்கே வராது. ஒரு பொதுக் கணக்குக்குப் போகும். பஸ் ஓட்டுகிற கம்பெனிகளுக்கு ஏறின தலைக்கு அல்ல, ஓடின கிலோமீட்டருக்குப் பணம். டிரைவருக்கு ஷிஃப்ட், மாசச் சம்பளம். அடுத்த பஸ்ஸை முந்தினால் யாருக்கும் ஒரு சென்டாவோகூட லாபம் இல்லை. அவ்வளவுதான், கராகாஸில் ரேஸ் நின்றுபோனது. பத்து வருஷம் முன்னால் அதே ரோட்டில் கான்கிரீட்டால் முடியாதது, ஒரு ஒப்பந்தத்தின் சில பக்கங்களால் முடிந்தது.

ஏழைக்கு இதில் என்ன கிடைத்தது? முன்னால் தெற்கு மலையிலிருந்து வடக்கே வேலைக்குப் போக இரண்டு பஸ், இரண்டு டிக்கெட். இப்போது மலையடியிலிருந்து ஒரு இணைப்பு பஸ் இலவசமாகக் கொண்டுவந்து பெரிய ஸ்டேஷனில் விடும், ஒரே டிக்கெட்டில் ஊரின் அந்த முனை வரைக்கும் போகலாம். குறைந்த தூரம் போகிறவர் கொடுக்கிற அதே காசு. அதாவது பக்கத்தில் வாழ வசதி உள்ளவர், தூரத்தில் வாழ நேர்ந்தவருக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறார். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் ஏறுகிற நம்மூர் முறையில், நகரத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவனுக்குத்தான் அதிகச் செலவு. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்தபோது "ஓசி" என்று கேலி பேசினவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதோடு கதையை முடித்தால் பவர்பாயின்ட் மாதிரி அழகாக இருக்கும். உலகம் முழுக்க மாநாடுகளில் இதுவரைதான் காட்டுவார்கள். மிச்சத்தையும் பார்ப்போம்.

முதல் சிக்கல் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது. கிலோமீட்டருக்குப் பணம் என்றால் நகராட்சிக்கு ஒவ்வொரு பஸ் கிலோமீட்டரும் செலவு, ஏறுகிற ஒவ்வொரு ஆளும் வரவு. ஓட்டுவதற்கு அரசு மானியமே வாங்காத சிஸ்டம் என்பதுதான் ஆரம்பத்தில் அதன் பெருமையாக இருந்தது. மானியம் இல்லாமல் வரவும் செலவும் நேராகணும் என்றால் ஒரே வழி, குறைந்த பஸ்ஸில் நிறையப் பேர். நிற்கிற இடத்தில் சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்பது டிசைனிலேயே எழுதப்பட்ட எண். வீட்டில் ஸ்கேல் எடுத்து ஒரு சதுர மீட்டர் கோடு போட்டு ஏழு பேரை நிற்க வைத்துப் பாருங்கள். முன்னால் டிரைவர் தலையில் இருந்த ரிஸ்க், இப்போது பயணியின் விலா எலும்புக்கு மாறியிருந்தது. என்னைக் கேட்டால் டிரான்ஸ்மிலேனியோவின் உள்முடிச்சு இதுதான். மற்ற குறையெல்லாம் இதற்கு அப்புறம்.

அடுத்து, பாதியில் நின்றது. திட்டப்படி தடங்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கணும். 2008-ல் மேயரான சாமுவேல் மொரேனோ காலத்தில் மூன்றாம் கட்ட வேலைகளின் கான்ட்ராக்டில் பெரிய ஊழல். 2011-ல் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பிறகு சிறை. ரோடு தோண்டியபடியே கிடந்தது. பழைய பஸ் முதலாளிகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2010 மார்ச்சில் ஸ்டிரைக். கைத்தானைக் கவிழ்த்த அதே ஆயுதம், எழுபது வருஷம் கழித்தும் துருப்பிடிக்கவில்லை. 2012 மார்ச் 9 அன்று கூட்டநெரிசலை எதிர்த்த போராட்டம் கலவரமாகி ஸ்டேஷன்களை அடித்து நொறுக்கினார்கள். 1948-ல் டிராம், 2012-ல் டிரான்ஸ்மிலேனியோ. இரண்டு முறையும் கோபம் முதலில் போய் விழுந்தது ஏழைகள் ஏறுகிற வண்டி மேல்தான். கார் ஷோரூம் மேல் இல்லை.

பெண்கள் கதை இன்னும் மோசம். 2014-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை உலகின் பெரிய நகரங்களில் எடுத்த கருத்துக்கணிப்பில், பெண்களுக்கு மிக ஆபத்தான பொதுப் போக்குவரத்து பொகோட்டாவுடையது என்று வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்பதன் அர்த்தம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறு.

புகையும் சொல்லணும். முதல் கட்ட டீசல் பஸ்கள் மாற்ற வேண்டிய காலம் தாண்டியும் வருஷக்கணக்கில் ஓடின. பெஞலோசா இரண்டாம் முறை மேயரானபோது (2016 முதல் 2019 வரை) மாற்றினார், ஆனால் பெரும் தடங்களுக்கு வாங்கினது டீசலும் கேஸும்தான். மின்சார பஸ் வாங்காததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இணைப்புத் தடங்களிலும் சாதாரண ரூட்டுகளிலும் சுமார் 1,500 மின்சார பஸ்கள் வந்தன. சீனாவுக்கு வெளியே இவ்வளவு வைத்திருக்கிற ஊர்கள் குறைவு.

அவர் இரண்டாம் ஆட்சியில் எனக்குப் பிடித்தது பஸ்ஸே இல்லை. தெற்கே சியுதாத் பொலிவார் என்ற மலைச்சரிவு. அகதிகளாக வந்த ஜனம் தானாகக் கட்டிக்கொண்ட ஊர். தெரு என்பது படிக்கட்டு. பெரிய பஸ் ஏறாது. 2018 டிசம்பரில் அங்கே ரோப் கார் வந்தது. 3.3 கிலோமீட்டர், நாலு ஸ்டேஷன், பத்துப் பேர் உட்காருகிற கூண்டு. பழனியில் விஞ்ச் ஏறுவது போல, ஆனால் சாமி கும்பிட இல்லை, வேலைக்கு. கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆன இடத்தில் இப்போது கால் மணி நேரத்துக்கும் குறைவு. இந்த யோசனையை முதலில் செய்து காட்டினது எஸ்கோபர் ஊரான மெதெயின், 2004-ல். சும்மா ஒரு தகவலுக்கு.

இந்தியாவுக்கும் இந்தக் கதை வந்தது. 2008-ல் டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தனி பஸ் லேன். கார்க்காரர்கள் தங்களுக்கு நெரிசல் என்று கத்தினார்கள், டிவி சேனல்கள் கூடக் கத்தின. வழக்குப் போட்டார்கள். 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. ஆனால் அரசியல் தள்ளவில்லை. 2016-ல் லேனை இடித்தேவிட்டார்கள். அகமதாபாத் 2009-ல் ஆரம்பித்து நடத்திக்கொண்டிருக்கிறது. சென்னைக்கும் பல முறை திட்டம் போட்டார்கள், காகிதத்தைத் தாண்டவில்லை. டெல்லியில் தோற்றது டிசைன் மட்டும் என்று நான் நம்பவில்லை. பொகோட்டாவில் தூண் நட்ட மேயருக்குப் பின்னால் 1910, 1974, 1991 எல்லாம் இருந்தது. டெல்லி லேனுக்குப் பின்னால் ஒரு ஐ.ஐ.டி. ரிப்போர்ட் இருந்தது.

பொகோட்டாவுக்கு மெட்ரோ ரயில் வேணும் என்ற பேச்சு 1940களிலிருந்து நடக்கிறது. பெட்ரோ 2012-ல் மேயராகி பூமிக்கடியில் என்று வரைபடம் போட்டார். பெஞலோசா திரும்ப வந்து அதைத் தூக்கிப் போட்டு, தூண் மேல் என்றார். பெட்ரோ 2022-ல் நாட்டின் அதிபராகி, மறுபடியும் பூமிக்கடியில் என்றார். அதற்குள் 2019-ல் ஒரு சீனக் கூட்டமைப்புக்கு கான்ட்ராக்ட் கொடுத்தாயிற்று, தூண்கள் எழும்பிவிட்டன. 2028-ல் ஓடும் என்று தேதி குறித்திருக்கிறார்கள். தூண்கள் போகிற வழி எது தெரியுமா? கராகாஸ் அவென்யூ. டிரான்ஸ்மிலேனியோவின் முதல் ஸ்டேஷன்களில் சிலவற்றை மூடி, இடித்து, இடம் மாற்றித்தான் அதைக் கட்டுகிறார்கள்.

எனக்கு இதில் இன்னும் பிடிபடாதது நம்மூர்ப் பக்கம்தான். 1972-ல் பல்லவன் வருவதற்கு முன்னால், அதற்கும் முன்னால் 1947-ல் மெட்ராஸ் பஸ்கள் அரசு கைக்கு வருவதற்கு முன்னால், இங்கே தனியார் பஸ்காரர்கள் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எப்படிப் பணம் கொடுத்தார்கள்? பேட்டா என்ற வழக்கம் எப்போது ஆரம்பித்தது? வீட்டில் பழைய டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். தாத்தாக்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.